எம்ஜிபி காருக்குப் பொருத்தமான மாற்றுச் சக்கரங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி, இன்றைக்கும் உதிரிபாகங்கள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் பழைய பிரிட்டிஷ் கார்களில் ஒன்று. சக்கரங்களுக்கும் பஞ்சமில்லை. ஸ்போக் கம்பிகளால் பின்னிய புதிய வயர் வீல்கள், பழைய எஃகுச் சக்கரங்கள், ரோஸ்டைல் எனப்படும் அலங்கார எஃகுச் சக்கரங்கள், பட்டை ஆரங்கள் கொண்ட மினிலைட் பாணி அலாய் வீல்கள் என்று கடைகளிலும் பழைய பொருள் சந்தைகளிலும் குவிந்திருக்கின்றன. வாங்குபவர்கள் தடுமாறுவதும் இந்தக் குவியலால்தான். சக்கரத்தின் தோற்றத்தைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அது மட்கார்டில் உரசுகிறது என்றோ நட் முழுதாகப் பிடிக்கவில்லை என்றோ தவிப்பவர்கள் பலர். சக்கரம் தேடும் வேலையைக் கடையில் தொடங்கக் கூடாது. காரை ஜாக்கியில் ஏற்றி, இருக்கிற சக்கரங்களைக் கழற்றி, ஹப்பையும் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) பின் ஆக்சிலையும் (இரு பின்சக்கரங்களையும் தாங்கும் அச்சு) பார்த்து அளவெடுப்பதில்தான் தொடங்க வேண்டும்.

உங்கள் காரில் இருப்பது எந்த ஆக்சில்?

எம்ஜிபி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது அதில் இரண்டு வகை ஹப்புகளில் ஒன்று இருந்தது. முதல் வகையில் நான்கு போல்ட்டுகள் வெளியே நீட்டியிருக்கும். அவற்றின் மேல் சக்கரத்தை வைத்து நான்கு நட்டுகளால் முடுக்க வேண்டும். தொடக்க கால ரோட்ஸ்டரின் (திறந்த கூரை எம்ஜிபி) 14 அங்குல எஃகுச் சக்கரமும், 1970 மாடல் முதல் வந்த 5 அங்குல அகல ரோஸ்டைலும் இந்த வகையைச் சேர்ந்தவை. 1973 முதல் 1976 வரை வெளிவந்த, எட்டு சிலிண்டர் எஞ்சினும் மூடிய கூரையும் கொண்ட ஜிடி வி8 எம்ஜிபியின் சக்கரமும் அவ்வாறே. அதன் நடுப்பகுதி அலாய், ரிம் குரோம் பூசிய எஃகு. இரண்டாவது வகை வயர் வீலுக்கானது. அதில் ஹப்பின் வெளிப்புறம் முழுவதும் ஸ்ப்ளைன் எனப்படும் நீளவாட்டுப் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். சக்கரத்தை அந்தப் பற்களின் மேல் செருகி, நடுவில் ஒரே பெரிய நட்டால் இறுக்குவார்கள்.

இரண்டு வகைக்கும் ஹப் மட்டும்தான் வேறு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பின் ஆக்சிலின் நீளமும் வேறு. ஸ்ப்ளைன் ஹப் வெளிநோக்கி அதிகம் நீள்வதால், வயர் வீல் காரின் ஆக்சிலைத் தொழிற்சாலையிலேயே சற்றுக் குறுகலாகச் செய்தார்கள். இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் வாங்கும் சக்கரம், எவ்வளவு தரமானதாக இருந்தாலும், பின்பக்கத்தில் தொல்லை கொடுக்கும்.

கார் முதலில் எந்தச் சக்கரத்தோடு வெளிவந்தது என்பதை அறிய நல்ல வழி ஒன்று உண்டு. வார்விக்‌ஷயரின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்தப் பதிவேட்டின்படி ஒரு சான்றிதழ் தருகிறார்கள். ஆனால் சான்றிதழ் காரின் பிறப்பைத்தான் சொல்லும். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் யாரேனும் ஆக்சிலையே மாற்றியிருக்கக்கூடும். போல்ட் வகைக் காரில் மாற்று ஹப் பூட்டி வயர் வீல் போட்டிருக்கவும் கூடும். ஆகவே சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு காரின் அடியிலும் படுத்துப் பார்க்க வேண்டும். வயர் வீலைக் கழற்றியதும் ஸ்ப்ளைன் ஹப்பின் அடியில் நான்கு நட்டுகள் தெரிந்தால், அது பிற்காலத்தில் பூட்டப்பட்ட மாற்று ஹப். ஆக்சில் பெரும்பாலும் அகலமானதாகவே இருக்கும்.

போல்ட் வட்டம்

போல்ட் வகைச் சக்கரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பி.சி.டி., அதாவது போல்ட்டுகளின் மையங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம். எம்ஜிபிக்கு அது நான்கரை அங்குலம், 114.3 மி.மீ. நான்கு போல்ட் உள்ள ஹப்பில் இதை அளப்பது எளிது: ஒரு போல்ட்டின் வெளி விளிம்பிலிருந்து அதற்கு நேர் எதிரே உள்ள போல்ட்டின் உள் விளிம்பு வரை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் போதும். ஐந்து போல்ட் உள்ள கார்களில் எதிரெதிர்ப் போல்ட் கிடையாது என்பதால், அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மைய தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்க வேண்டும்.

அளவு ஏறக்குறைய ஒத்துவந்தால் போதும் என்று இதில் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. பழைய மினி, மோரிஸ் மைனர், எம்ஜி மிட்ஜெட் ஆகியவற்றின் பி.சி.டி. 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் அது சரியாக 100 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் என்பதால் சக்கரம் ஏறிவிடும். நட்டும் இறுகிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு போல்ட்டும் உள்நோக்கி வளைந்த நிலையில் நிற்கிறது. நட்டின் கூம்பு முகம் ஒரு பக்கமாகத்தான் அமர்ந்திருக்கிறது. ஓட ஓட நட் தளரும், அல்லது போல்ட் களைத்து முறியும். டிரயம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களுக்கோ 95.25 மி.மீ. சென்னையை அடுத்த வண்டலூரில் 1960களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை இன்னும் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கும் இதே அளவுதான். ஆகவே அவர்கள் எம்ஜி சக்கரங்களைத் தேடி அலையாமல் ஸ்பிட்ஃபயர் சக்கரங்களைத் தேடுவதே பயன் தரும்.

ஆஃப்செட்: கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய அளவு

சக்கரம் ஹப்பில் அமரும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்புறமாக இருந்தால் அது நேர்மறை. எண் கூடக் கூடச் சக்கரம் காருக்குள் இழுக்கப்படும். எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளப்பட்டு மட்கார்டை நெருங்கும்.

பழைய சக்கரங்களில் இந்த எண் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்காது. அளந்துகொள்ளலாம். டயர் இல்லாத சக்கரத்தின் உட்புறம் மேலே இருக்குமாறு கிடத்தி, ரிம்மின் விளிம்பில் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைத்து, சட்டத்தின் அடியிலிருந்து ஹப் முகம் வரையிலான ஆழத்தை அளக்க வேண்டும். பிறகு ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியை அந்த ஆழத்திலிருந்து கழித்தால் ஆஃப்செட் கிடைக்கும். கவனிக்க: ஐந்தரை அங்குல ரிம் என்று சொல்லப்படும் அளவு, டயர் அமரும் இடத்தின் அகலம் மட்டுமே. இரு பக்க விளிம்புகளையும் சேர்த்தால் மொத்தம் ஆறரை அங்குலம், சுமார் 165 மி.மீ. ஆகிவிடும். ஆழம் 105 மி.மீ. என்று வந்தால், 165இல் பாதியான 82.5ஐக் கழிக்க, ஆஃப்செட் 22.5 மி.மீ. உங்கள் காரில் இப்போது உரசாமல் ஓடும் சக்கரத்தையும் இப்படியே அளந்து குறித்துக்கொண்டால், வாங்கப்போகும் சக்கரம் உள்ளே எத்தனை மில்லிமீட்டர் போகும், வெளியே எத்தனை வரும் என்று காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போடாதவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. 114.3 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட் என்பது ஜப்பானியக் கார்கள் பலவற்றிலும் உள்ள அளவு. அவற்றின் அலாய் வீல்கள் மலிவாகக் கிடைக்கின்றன; எம்ஜிபியின் ஹப்பில் ஏறவும் செய்கின்றன. ஆனால் முன்சக்கர இயக்கத்துக்காக வடிவமைக்கப்பட்ட அந்தச் சக்கரங்களின் ஆஃப்செட் பெரும்பாலும் 35 மி.மீ.க்கு மேல். டயர் உள்ளே போய்ப் பின்பக்கத்து இலை ஸ்பிரிங்கையோ உள் சுவரையோ உரசும். நடுத்துளையும் நட்டின் வகையும் வேறு. எம்ஜிபியின் போல்ட் மரை அரை அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவு நுண் மரை), ஜப்பானிய நட்டுகளோ மெட்ரிக் மரையுடையவை. ஸ்பேசர் (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே வைக்கும் தட்டு) போட்டுச் சரிசெய்துவிடலாம் என்பார்கள். ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நட் பிடிக்கும் மரை குறைகிறது என்பதை நினைவில் கொண்டு, நீளமான போல்ட்டுகளையும் மாற்றத் துணிவிருந்தால் மட்டுமே அந்த வழியில் போக வேண்டும். நான் அந்த வழியைப் பரிந்துரைப்பதில்லை.

ஆஃப்செட்டைக் கணக்கிட்டாலும் காரில் நேரடியாக இடைவெளியை அளக்காமல் விடக் கூடாது. எம்ஜிபியின் உடற்கூடு இடம் வலம் கச்சிதமாக ஒன்றுபோல் இருப்பது அரிது. பின் ஆக்சில் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்பதைப் பல கார்களில் காணலாம். துருவெட்டி மட்கார்டு மாற்றியிருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். எனவே இரு பக்கமும் தனித்தனியே அளந்து, குறைந்த இடைவெளியையே உங்கள் எல்லையாகக் கொள்ளுங்கள். பின் இருக்கையிலும் டிக்கியிலும் பாரம் ஏற்றி, ஸ்பிரிங் தாழ்ந்த நிலையிலும் ஒருமுறை பாருங்கள். முன்பக்கத்தில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பதோடு, பிரேக் காலிப்பருக்கும் சக்கரத்தின் உட்புறத்துக்கும் இடையே தெளிவான இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; பிரேக்கை மேம்படுத்தியிருக்கும் கார்களில் இது கட்டாயம்.

வயர் வீல்: கூடுதல் கவனம் தேவைப்படும் வகை

எம்ஜிபியை நேசிப்பவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது வயர் வீல்தான். அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை வாங்கும்போது சக்கரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஹப், நட், சக்கரம் மூன்றையும் ஒரே பொருளாகக் கருத வேண்டும்.

எம்ஜி, டிரயம்ஃப், ஆஸ்டின்-ஹீலி வகைகளின் ஸ்ப்ளைன் 42 மி.மீ. வரிசையைச் சேர்ந்தது, ஜாகுவாருடையது பெரியது, 52 மி.மீ. வரிசை. இது குழப்பம் தருவதில்லை. ஏறாத சக்கரம் ஏறாது. குழப்பம் நட்டில்தான். பான்ஜோ வகைப் பின் ஆக்சில் (நடுவில் வட்ட உறை கொண்ட பழைய வகை) கொண்ட தொடக்க கால எம்ஜிபிகளில் ஹப்பின் மரை அங்குலத்துக்கு 12 சுற்று. குழாய் வகை ஆக்சில் கொண்ட பிந்தைய கார்களில் அங்குலத்துக்கு 8 சுற்று. இரண்டு நட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாங்குமுன் ஹப்பின் மரையில் ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து இட வலம். காரின் இடப்பக்க ஹப்பில் வழக்கமான வலது மரையும், வலப்பக்க ஹப்பில் இடது மரையும் இருக்க வேண்டும். ஓட்டத்தின்போது ஏற்படும் நுண்ணிய அசைவு நட்டைக் கழற்றாமல் மேலும் இறுக்கும்படி இந்த ஏற்பாட்டை அமைத்திருக்கிறார்கள். சரிபார்க்க எளிய வழி: கார் முன்னோக்கி ஓடும்போது சக்கரம் எந்தத் திசையில் சுழலுமோ, அந்தத் திசையில் திருப்பினால் நட் கழல வேண்டும். மாறாக இறுகினால், யாரோ ஆக்சிலைப் பிரித்து மாட்டும்போது ஹப்புகளை இடம் மாற்றிவிட்டார்கள் என்று பொருள். அந்தக் காரை அதே நிலையில் சாலைக்குக் கொண்டு செல்லவே கூடாது. பழைய பொருள் சந்தையில் நான்கு ஹப்புகளை ஒரு பெட்டியில் போட்டு விற்பவரிடம் வாங்கும்போது, இரண்டு இடது மரை, இரண்டு வலது மரை என்று கையில் எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பற்களின் தேய்மானத்தைக் கவனியுங்கள். நல்ல ஹப்பில் ஒவ்வொரு பல்லின் உச்சியும் சற்றுத் தட்டையாக இருக்கும். தேய்ந்த ஹப்பில் பற்கள் கத்தி முனைபோல் கூர்மையாகி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். காரில் மாட்டிய நிலையில் சோதிக்க, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்தை இரு கைகளாலும் முன்னும் பின்னும் உலுக்க வேண்டும். பிரேக் டிரம் அசையாமல் சக்கரம் மட்டும் சிறிதேனும் நகர்ந்தால் பற்கள் போய்விட்டன. தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரத்தை மாட்டினால் புதுச் சக்கரத்தின் பற்களையும் அது சில மாதங்களில் தின்றுவிடும். செலவு கூடினாலும் ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுவதுதான் முடிவில் சிக்கனம்.

பழைய வயர் வீலை வாங்க நேர்ந்தால், ஒரு ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். இறுக்கமான ஸ்போக் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்ததும் உடைந்ததும் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் தேர்ந்த கைவினைஞர் சரிசெய்துவிடுவார். ஒரே பகுதியில் அடுத்தடுத்துப் பல ஸ்போக்குகள் மந்தமாக ஒலித்தால் அந்தச் சக்கரத்தை விட்டுவிடுங்கள். எம்ஜிபிக்கு வழக்கமானது 60 ஸ்போக், நாலரை அங்குல ரிம். 72 ஸ்போக் சக்கரம் வலுவானது. 185 மி.மீ. அகல டயர் போட விரும்புபவரும், கொஞ்சம் வேகமாக ஓட்டுபவரும் அதையே வாங்குவது நல்லது. ஜிடி வி8 காருக்குத் தொழிற்சாலை வயர் வீலைத் தரவேயில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; அந்த எஞ்சினின் இழுவிசையைக் கருதினால் அது நியாயமான முடிவு.

மரபான வயர் வீலில் ஸ்போக்கின் நிப்பிள்கள் (முனையில் உள்ள சிறு நட்டுகள்) ரிம்மைத் துளைத்து நிற்பதால் டியூப் கட்டாயம்; டியூப்பைக் குத்தாமல் காக்க ரிம் பட்டையும் வேண்டும். இன்றைய டயர்கள் சிலவற்றின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும். அது டியூப்பைத் தேய்த்து ஓட்டையாக்கும். டயரை மாட்டும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்போக் துளைகளை அடைத்து, டியூப் இல்லாமல் ஓடும்படி செய்த புதிய வயர் வீல்களும் கிடைக்கின்றன.

போல்ட் வகைக் காரை வயர் வீலுக்கு மாற்ற விரும்புபவர்கள், முழு ஆக்சிலையும் மாற்றுவது, நான்கு போல்ட்டுகளில் பூட்டும் மாற்று ஹப்பைப் போடுவது என்ற இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்று ஹப்பின் உள்ளே இடம் குறைவு என்பதால் போல்ட்டுகளைக் குட்டையாக வெட்டி, அதற்கென்று வரும் சிறு நட்டுகளால்தான் முடுக்க முடியும். அகல ஆக்சிலின் மேல் ஹப்பும் நீள்வதால் பின்சக்கரம் வெளியே வந்துவிடுகிறது. 165 டயர் தாண்டினால் மட்கார்டில் உரசும் வாய்ப்பு கூடுகிறது. உண்மையான வயர் வீல் ஆக்சில் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே மேல்.

அலாய் வீலும் பழைய எஃகுச் சக்கரமும்

மினிலைட் பாணி அலாய், எம்ஜிபிக்கு இயல்பாகப் பொருந்தும் தோற்றமுடையது. 14 அங்குலம், ஐந்தரை அங்குல அகலத்தில் எம்ஜிபிக்கென்றே செய்யப்பட்டவை கிடைக்கின்றன. பழைய மூல மினிலைட்டுகள் மக்னீசியத்தால் ஆனவை. மக்னீசியம் அரிப்புக்கு எளிதில் ஆளாகும். வயதாக ஆக விரிசல் விடும். சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் சோதனையில் தேறாமல் அவற்றைச் சாலையில் ஓட்டக் கூடாது, காட்சிக்கு வைக்கலாம். எந்த அலாய் வாங்கினாலும் அதற்குரிய நட்டுகளையும் சேர்த்து வாங்குங்கள். கூம்பு முக நட்டும், வாஷருடன் தட்டையாக அமரும் கழுத்து நட்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

பழைய எஃகுச் சக்கரத்திலும் ரோஸ்டைலிலும் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஹப்பில் மாட்டிச் சுழற்றி, ரிம்மின் விளிம்பருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்தால் கோணல் தெரியும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் நான் வாங்க மாட்டேன். புதிதாகப் பவுடர் கோட்டிங் செய்தவற்றில் நட் அமரும் குழியையும் ஹப் முகத்தையும் கவனியுங்கள். அங்கே பூச்சு தடிமனாக இருந்தால், அது நசுங்கி விலகும்போது நட் தளர்ந்துவிடும். அந்த இடங்களை மட்டும் மறைத்துவிட்டுப் பூசச் சொல்ல வேண்டும்.

டயர் அளவு

165/80 ஆர்14 டயரின் (165 மி.மீ. அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், 14 அங்குலச் சக்கரம்) விட்டம் சுமார் 620 மி.மீ. 185/70 ஆர்14 போட்டால் 615. 15 அங்குலச் சக்கரத்தில் 185/65 போட்டால் 621. இவை மூன்றும் ஸ்பீடோமீட்டரைக் கெடுக்காது. 195/50 ஆர்15 போட்டால் விட்டம் 576க்கு இறங்கிவிடும். மணிக்கு 93 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் 100 காட்டும், எஞ்சினும் தேவையின்றி வேகமாகச் சுழலும், சவாரியும் கடினமாகும். அகன்ற டயர் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைக் கனமாக்கும் என்பதும் உண்மை. அன்றாட ஓட்டத்துக்கு 165 அல்லது 175 போதும் என்பது என் கருத்து. பிரிட்டனில் ரேடியல் டயரையும் கிராஸ்ப்ளை டயரையும் (உள் நூலடுக்குகள் குறுக்கு மறுக்காகச் செல்லும் பழைய வகை) ஒரே ஆக்சிலில் கலப்பதும், முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்ப்ளையும் போடுவதும் சட்டப்படி குற்றம். பழைய சக்கரங்களோடு வரும் டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்; முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும்.

மாட்டும்போது

போல்ட் வகை எஃகுச் சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக, 60 முதல் 65 பவுண்டு-அடி வரை டார்க் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். வயர் வீலில் பற்களிலும் கூம்பு முகங்களிலும் மெல்லிய கிரீஸ் பூசி, சக்கரத்தை உயர்த்திய நிலையிலேயே செம்பு அல்லது ஈய முகச் சுத்தியலால் நட்டின் காதுகளை (வெளியே நீட்டிய இறக்கைகளை) அடித்து இறுக்குங்கள். காதில்லாத எண்கோண நட்டாக இருந்தால் அதற்கென்று உள்ள மரப்பிடியை வைத்து அதன்மேல் அடிக்க வேண்டும். எந்த வகையானாலும் முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் முடுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னியையும் இதே வகையில், இதே அளவில் வாங்கி, சுத்தியலையும் மரப்பிடியையும் டிக்கியில் அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். அலாய்க்கு மாறியவர்கள், ஸ்டெப்னி பழைய எஃகுச் சக்கரமாகவே இருந்தால் அதற்குரிய நான்கு கூம்பு முக நட்டுகளையும் ஒரு பையில் கட்டி அதனுடன் போட்டுவைக்க வேண்டும்.